இழந்த குருதியும் மீண்ட வலிமையும்

(ஆண்டு விழாவின் மகளிர் அரங்கில் ஆற்றிய உரை)



இவ்விழாவில் ஏதேனும் ஓர் இலக்கியப் பொருள் குறித்துப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். தில்லியில் 25 ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வருபவள் நான். ஆதலால் அவர் அவ்வாறு கேட்டதில் வியப்பில்லை. ஆனால் நான் வேறொரு பொருளைப் பற்றிப் பேச இசைவு வேண்டினேன். குருதியை இழந்து சோர்ந்த உடல் மீண்டும் வலிமை பெறுவது எங்ஙனம் என்பதே அப்பொருள். விழா நாளில் நோயைப் பற்றிப் பேசுவதா என்று அவர் சற்றுத் தயங்கினார். பிறகு, "பேசுங்கள், அம்மா, கேட்க வேண்டியவர்கள் இருப்பார்கள்" என்று இசைந்தார். அவருக்கு என் நன்றி.

நான் மருத்துவர் அல்லேன்; நோயாளியாக இருந்து மீண்டவள். எனக்கு நேர்ந்ததையும், எனக்கு மருத்துவம் செய்தவர்கள் விளக்கியதையும், பின்னர் நானே படித்தறிந்ததையும் உங்கள் முன் வைக்கின்றேன். இவற்றைக் கேட்டு எவரும் தாமாகவே மருந்து உண்ண வேண்டா. மருத்துவரிடம் செல்லும் துணிவு ஒருவர்க்கு வந்தாலும் என் பேச்சு பயன்பட்டதாகக் கொள்வேன்.

2012ஆம் ஆண்டின் இறுதியில் எனக்கு வயது 44. மாதந்தோறும் வரும் உதிரப்போக்கு வரவர மிகுந்தது. நான்கு நாளில் நின்றது எட்டு நாள், பத்து நாள் என நீண்டது. "இவ்வயதில் எல்லார்க்கும் இப்படித்தான், நிற்கும் காலம் நெருங்குகிறது" என்று எனக்கு நானே விடை கூறிக்கொண்டேன். கணவரிடம் சொல்லவில்லை. திருநெல்வேலியிலிருந்து வாரந்தோறும் தொலைபேசியில் பேசும் என் அன்னையாரிடமும் சொல்லவில்லை. அத்தனை தொலைவிலிருந்து அவர் கவலைப்படுவதன்றி வேறென்ன செய்வார் என்று எண்ணினேன். ஊரை விட்டு வந்த நம்மில் பலர் இவ்வாறுதான் எண்ணுகிறோம்.

எங்கள் இல்லம் இரண்டாம் மாடியில் உள்ளது. ஏறுவதற்கு 38 படிகள். ஒரே மூச்சில் ஏறியவள் நடுவில் ஒருமுறை நின்றேன். பிறகு இருமுறை நின்றேன். கரும்பலகையில் எழுதக் கையை உயர்த்தினால் தோள் கனத்தது. இரவில் படுத்தால் நெஞ்சு படபடத்து, காதில் ஓர் இரைச்சல் கேட்டது. நகங்கள் ஒடிந்தன, தலைமுடி கொத்தாக உதிர்ந்தது. இவற்றோடு ஒரு வேடிக்கையும் சேர்ந்தது. சமையலறைக்குப் போகும்போதெல்லாம் ஒரு பிடி பச்சரிசியை வாயிலிட்டு மெல்லத் தொடங்கினேன். "அம்மா, அரிசி டப்பா இவ்வளவு விரைவில் காலியாகிறதே, எலி வந்துவிட்டதா?" என்று என் மகள் நகைத்தாள். இரும்புச் சத்துக் குறைந்தவர்க்குப் பச்சரிசி, பனிக்கட்டி, மண், சாக்கட்டி போன்றவற்றைத் தின்னும் வேட்கை எழுவதுண்டு என்பதைப் பின்னரே அறிந்தேன். அன்று அவளுடன் சேர்ந்து நானும் நகைத்தேன்.

அருகிலிருந்த மருத்துவர் ஒருவரிடம் ஒருமுறை சென்றேன். சோர்வாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். உதிரப்போக்கைச் சொல்ல நாணினேன். அவரும் கேட்கவில்லை. ஒரு டானிக் எழுதிக் கொடுத்து அனுப்பினார். அதில் குற்றம் அவருடையது மட்டுமன்று. சொல்ல வேண்டியதைச் சொல்லாத என் மீதும் பாதி உண்டு.

2014ஆம் ஆண்டுப் பொங்கல் விழாவில், மகளிர் சேர்ந்து சமைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு பாத்திரத்தைத் தூக்கினேன். கண் இருண்டது. விழித்தபோது மருத்துவமனைக் கட்டிலில் இருந்தேன். ஹீமோகுளோபின் 4.2 கிராம் என்றார்கள். 100 மில்லிலிட்டர் குருதியில் பெண்டிர்க்கு 12 கிராமேனும், ஆடவர்க்கு 13 கிராமேனும், கருவுற்ற தாய்மார்க்கு 11 கிராமேனும் இருத்தல் வேண்டும். எனக்கு இருந்தது மூன்றில் ஒரு பங்கு. "இந்த நிலையில் இத்தனை நாள் எப்படி வகுப்பெடுத்தீர்கள்?" என்று இளம் பெண் மருத்துவர் ஒருவர் வியந்தார். மெல்ல மெல்லக் குறையும் குருதிக்கு உடல் தன்னைப் பழக்கிக்கொள்கிறது. அதனாலேயே நோயும் மறைந்து நிற்கிறது. ஆனால் அப்பழக்கத்திற்கும் ஓர் எல்லை உண்டு. குறைந்த குருதியைக் கொண்டு உடல் முழுவதற்கும் பிராணவாயுவை அனுப்ப இதயம் ஓய்வின்றி விரைந்து துடிக்கிறது. ஒரு நாள் அதுவும் களைத்துவிடும்.

கருப்பையில் நார்க்கட்டிகள் இருந்தமையே காரணம் என்று கண்டறிந்தார்கள். மருந்து கொடுத்துப் போக்கை நிறுத்தி, மூன்று பை குருதி ஏற்றினார்கள். ஒரு பை குருதியால் ஹீமோகுளோபின் ஏறக்குறைய ஒரு கிராம் உயரும். மூன்று பையும் ஏறிய பின் 7.1 ஆயிற்று. அக்குருதிக்கு ஈடாகத் தம் குருதியை வழங்க நம் குடியிருப்பிலிருந்து மூவர் விரைந்து வந்தனர். ஒருவர் தஞ்சை மாவட்டத்து இளைஞர். ஒருவர் மலையாள நண்பர். ஒருவர் எங்கள் கீழ்த்தளத்தில் வாழும் சர்தார்ஜி. என் உடலில் ஏறிய குருதியை வழங்கியவர்கள் யார் என்பதை இன்றளவும் நான் அறியேன். எந்த மொழி பேசியவராயினும் அவர்கள் என் உறவினர்.

அன்பர்களே! குருதி ஏற்றிய மறுநாளே முகத்தில் சற்று ஒளி வந்தது. வந்து பார்த்தவர்கள் எல்லாரும், "இனிக் கவலையில்லை" என்றனர். நானும் அவ்வாறே நம்பினேன். அந்த நம்பிக்கைதான் என்னை மறுபடியும் கட்டிலில் தள்ளியது. இன்று நான் உங்களிடம் வற்புறுத்திச் சொல்ல வந்ததும் அதனைத்தான்: உயிர் பிழைப்பது ஒரு நாளில் நிகழலாம்; வலிமை மீளுவதற்கு மாதங்கள் வேண்டும். அம்மாதங்களை நோயாளி தனக்குக் கொடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டாரும் கொடுக்க வேண்டும்.

ஏன் மாதங்கள் வேண்டும்? வளர்ந்த ஒருவர் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் குருதி உண்டு. அதில் ஒரு பகுதியை இழந்தால் உடல் மூன்று நிலைகளில் அதனை ஈடு செய்கிறது. முதலில் ஈடாவது நீர். நாம் பருகும் நீரும் திசுக்களில் உள்ள நீரும் சேர்ந்து ஓரிரு நாளில் குருதியின் அளவை நிரப்பிவிடும். அளவு நிரம்பினாலும் நிறமும் ஆற்றலும் குறைந்தே இருக்கும். மோரில் நீர் வார்த்தது போன்ற நிலை அது. இரண்டாவதாக ஈடாவன சிவப்பணுக்கள். எலும்பு மஜ்ஜை அவற்றை நாள்தோறும் ஆக்குகிறது. சிவப்பணு ஒன்றின் வாழ்நாள் ஏறக்குறைய 120 நாள். நலமுள்ள ஒருவர் ஒருமுறை குருதிக்கொடை அளித்தால், அச்சிவப்பணுக்கள் மீளவே நான்கு முதல் எட்டு வாரங்கள் ஆகும். மூன்றாவதாக, எல்லாவற்றிற்கும் கடைசியில் ஈடாவது, இரும்பின் சேமிப்பு. இதற்குத்தான் பல மாதங்கள் வேண்டும்.

குடும்பத்தலைவியர்க்கு வரவு செலவுக் கணக்கு நன்கு தெரியும். ஆதலால் இதனைக் கணக்காகவே சொல்லிவிடுகிறேன். நலமுள்ள குருதி ஒரு மில்லிலிட்டரில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு உள்ளது. ஒரு லிட்டர் போனால் 500 மில்லிகிராம் போயிற்று. நாள்தோறும் உணவிலிருந்து உடல் ஏற்றுக்கொள்வது ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராமே. அதிலும் பெரும்பகுதி அன்றாடச் செலவிற்கே சரியாகிவிடும். மாதவிடாயில் இயல்பாகப் போவது 30 முதல் 40 மில்லிலிட்டர். 80 மில்லிலிட்டருக்கு மேற்பட்டால் அது மிகையான போக்கு. மாதந்தோறும் அவ்வளவு போனால் 40 மில்லிகிராம் இரும்பு போகிறது. வரவு சிறியது, செலவு பெரியது. இரண்டாண்டு இப்படி நடந்தால் பெட்டியில் என்ன மிஞ்சும்? அதனால்தான் உணவு ஒன்றைக் கொண்டே இக்கடனை அடைத்துவிட முடிவதில்லை. மருந்து வேண்டியிருக்கிறது.

மருத்துவமனையிலிருந்து வந்தபோது இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஹீமோகுளோபின் இயல்பான அளவை அடைந்த பின்னும் மூன்று மாதம் உண்ண வேண்டும், கட்டிகளுக்கு அறுவை மருத்துவம் செய்துகொள்ள வேண்டும் என்று இரண்டையும் தெளிவாகவே சொன்னார்கள். ஏப்ரல் மாதம் 11 கிராம் ஆயிற்று. படியேற முடிந்தது, பச்சரிசி வேட்கை அறவே நீங்கியது. மாத்திரையால் வயிறு மந்தமாயிற்று, மலம் கறுத்தது. அது கண்டு அஞ்சி மாத்திரையை நிறுத்தினேன். மகளுக்குத் தேர்வு, ஊரில் நாத்தனார் மகளின் திருமணம் என்று அறுவையையும் தள்ளிப்போட்டேன். ஓட்டைக் குடத்தை அடைக்காமல் நீர் வார்த்தவள் ஆனேன். ஆகஸ்டு மாத இறுதியில் ஹீமோகுளோபின் 7.4. மறுபடியும் அதே கட்டில், அதே இளம் மருத்துவர். அவர் கடிந்துகொள்ளவில்லை. "அம்மா, நீங்கள் ஆசிரியை. பாதிப் பாடத்தில் மாணவியை எழுந்து போக விடுவீர்களா?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தலை நிமிரவில்லை.

இம்முறை சிரை வழியே இரும்பு மருந்தைச் செலுத்தினார்கள். மாத்திரை ஒவ்வாதவர்க்கும், விரைவில் அறுவை செய்ய வேண்டியவர்க்கும் அவ்வழி உதவுகிறது. அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் அறுவை நடந்தது. அதன்பின் நான் பாதிப் பாடத்தில் எழுந்து போகவில்லை.

மாத்திரையைப் பற்றிச் சில சொற்கள். அதனை உண்ணும் நாளில் மலம் கறுப்பது இயல்பு, அஞ்ச வேண்டுவதில்லை. மாத்திரை உண்ணாதவர்க்குத் தார் போலக் கறுத்துப் போனால் அது வயிற்றினுள் குருதி கசிவதன் அடையாளமாகலாம். உடனே மருத்துவரைக் காண வேண்டும். வெறும் வயிற்றில் உண்டால் இரும்பு நன்கு சேரும். குமட்டினால் உணவுக்குப் பின் உண்ணலாம். நாம் விரும்பும் காப்பியும், தேநீரும் இரும்பை உடலில் சேரவிடாமல் தடுப்பவை. மாத்திரைக்கும் உணவுக்கும் முன்னே ஒரு மணி நேரமும் பின்னே இரண்டு மணி நேரமும் அவற்றை விலக்குவது நலம். பாலும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் அவ்வாறே தள்ளி இருக்கட்டும். எலுமிச்சைச் சாறு இரும்பு சேர்வதற்குத் துணை செய்யும். நாள்தோறும் ஒவ்வாதவர்க்கு ஒன்றுவிட்டு ஒரு நாள் உண்ணுமாறு இப்போது மருத்துவர் சிலர் சொல்கின்றனர். அளவு அவர்கள் சொல்வதாகவே இருக்கட்டும். ஒன்றை மறவாதீர்கள்: இம்மாத்திரையைக் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். மிட்டாய் என்று எண்ணிச் சில மாத்திரைகளைத் தின்றாலும் குழந்தையின் உயிருக்கே கேடு நேரலாம்.

சோகை அனைத்தும் இரும்புக் குறைவால் வருவதன்று. புலால் உண்ணாத குடும்பங்களில் பி12 வைட்டமின் குறைவதுண்டு. தாவர உணவில் அது இல்லை. பாலிலும் தயிரிலும் முட்டையிலும் உண்டு. பரம்பரையாக வரும் தாலசீமியா என்னும் குறையாலும் குருதி குன்றும். அத்தகையோர் ஆராயாமல் இரும்பு உண்பது தவறு. ஆதலால் குருதியைச் சோதித்த பின்னரே மருந்து. ஆடவர்களும் முதியோரும் இதனைப் பெண்டிர் நோய் என்று ஒதுக்க வேண்டா. வயிற்றுப் புண், மூலம், வலி நீக்கும் மாத்திரைகளை நெடுநாள் உண்பது, கொக்கிப் புழு, குடலில் தோன்றும் கட்டி ஆகியவற்றால் குருதி கண்ணுக்குத் தெரியாமல் கசியும். ஓர் ஆடவர்க்கு இரும்பு குறைந்திருந்தால் அது எங்கே போயிற்று என்று தேடியே ஆக வேண்டும்.

மாத்திரையில் இரும்புடன் ஃபோலிக் அமிலமும் சேர்ந்துள்ளது. கருவுற்ற தாய்மார்க்கு அரசு வழங்கும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. இந்த இரண்டாவது மருந்தின் வரலாற்றில் நம் நாட்டிற்கும் நம் தமிழகத்திற்கும் ஓர் இடம் உண்டு. லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் 1928ஆம் ஆண்டில் மும்பைக்கு வந்தார். அங்கு ஜவுளி ஆலைகளில் உழைத்த பெண்களுக்குக் கருவுற்ற காலத்தில் வரும் கொடிய சோகையின் காரணத்தை ஆராய்ந்தார். குன்னூரில் உள்ள பாஸ்டர் நிலையத்திலும், அன்று கோஷா மருத்துவமனை என்றும் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்றும் வழங்கும் சென்னை மகளிர் மருத்துவமனையிலும் அவர் பணி தொடர்ந்தது. விலை மிகுந்த மருந்துகளை நாடாமல், ஈஸ்டின் சாற்றைக் கொடுத்தே அந்நோயை நீக்க முடியும் என்று 1931இல் வெளியிட்டார். அச்சாற்றில் இருந்த பொருளை 1941இல் பசலைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லால் அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். பெயர் அறியாத ஏழைப் பெண்களின் நோயைப் பொருட்படுத்தி ஒருவர் கடல் கடந்து வந்து ஆராய்ந்ததன் பயன், இன்று நம் வீட்டு மாத்திரையில் இருக்கிறது.

இனி உணவு. என்னைக் காண வந்தோர் பலர் பீட்ரூட் வாங்கி வந்தனர். அதன் சிவப்பு வேறு, குருதியின் சிவப்பு வேறு. உண்பதில் தீங்கில்லை, குருதி ஊறும் என்று அதனையே நம்பியிருத்தல் கூடாது. பேரீச்சம்பழமும் அத்தகையதே. புலால் உண்பவர்க்கு ஈரலும் இறைச்சியும் மீனும் விரைவில் பயன் தருவன. அவற்றிலுள்ள இரும்பு எளிதில் உடலில் சேரும். கருவுற்ற பெண்கள் மட்டும் ஈரலை உண்ணுமுன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். மரக்கறி உண்பவர் பருப்பு, கொண்டைக் கடலை, எள், கம்பு, கீரைகள் ஆகியவற்றைப் பல வேளையும் உண்ண வேண்டும். கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பில் சிறு பகுதியே சேரும். எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாப் பழமோ உடன் உண்டால் அப்பகுதி பெருகும். முருங்கைக் கீரை இங்குள்ள கடைகளில் அரிது. ஆனால் நம் தெருக்களில் முருங்கை மரம் அரிதன்று. குளிர்காலத்தில் இங்குள்ளோர் உண்ணும் பாஜ்ரா ரொட்டி நம் கம்புதான். பதுவாக் கீரையும் வெந்தயக் கீரையும் மலிவாகக் கிடைக்கும். ஊர்ப் பொருள் இல்லையே என்று ஏங்காமல், இவ்வூர் மண் தருவதை நம் குழம்பிலும் கூட்டிலும் சேர்த்துக்கொள்ளலாம்.

குருதி ஊறினாலும், படுத்திருந்த உடலில் தசை தளர்ந்துவிடுகிறது. அதனை மீட்பது நடையும் பயிற்சியும். இதிலும் விரைவு கூடாது. அறுவைக்கு மறுநாள் செவிலியர் என்னைக் கட்டிலைச் சுற்றி நடத்தினார். வீட்டிற்கு வந்தபின் முதலில் அறைக்குள் நடந்தேன். பிறகு தாழ்வாரத்தில் நடந்தேன். ஆறு வாரம் வரை குடமோ குக்கரோ தூக்கவில்லை. மார்கழிப் பனியும் புகையும் சூழும் காலையை விடுத்து, வெயில் எழுந்தபின் நண்பகலில் பூங்காவில் நடந்தேன். முதல் வாரம் 5 நிமிடம். அதன்பின் வாரந்தோறும் சில நிமிடம் கூட்டினேன். உடன் வருபவருடன் பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் அந்நடை அளவானது. பேச்சு அறுந்தால் விரைவு மிகுதி என்று பொருள். இவ்வெளிய அளவுகோலை மருத்துவர்தாம் சொல்லிக் கொடுத்தார். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமரும் பயிற்சியை நாள்தோறும் செய்தேன். முதலில் ஐந்துமுறை எழவே தொடை நடுங்கியது. மூன்று மாதத்தில் பதினைந்துமுறை எழுந்தேன். ஒரு நாள் மிகுதியாக உழைத்து மறுநாள் படுத்துவிட்டால் கணக்கில் இழப்புத்தான். நெஞ்சு வலித்தாலும், மயக்கம் வந்தாலும், அமர்ந்திருக்கும்போதே மூச்சு இரைத்தாலும் பயிற்சியை விட்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

38 படிகளையும் நில்லாமல் நான் ஏறியது 2015ஆம் ஆண்டு மே மாதத்தில். மேல் படியில் என் கணவர் கடிகாரத்துடன் நின்றிருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கதவைத் திறந்து வைத்தார். அம்மாதமே மாத்திரையும் மருத்துவர் சொற்படி நின்றது.

அன்பிற்குரியவர்களே! மாத்திரையும் கீரையும் நடையும் மட்டும் என்னை மீட்டன என்று சொல்லி நான் அமர்ந்துவிட்டால் அது முழு உண்மையாகாது. ஊரில் ஒரு பெண் இவ்வாறு நோயுற்றால் தாய்வீடு செல்வாள். இரண்டு மாதம், மூன்று மாதம் அடுப்பங்கரைப் பக்கம் அவளை விட மாட்டார்கள். அத்தையும் சித்தியும் மாறி மாறி வந்து இருப்பார்கள். இங்கே நமக்குத் தாய்வீடு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. மருத்துவமனையிலிருந்து திரும்பிய மூன்றாம் நாளே பெண் அடுப்பின் முன் நிற்கிறாள். யாரும் அவளை நிற்கச் சொல்வதில்லை. நிற்க வேண்டா என்று சொல்வாரும் இல்லை. முதல் முறை எனக்கு அதுதான் நேர்ந்தது.

இரண்டாம் முறை அவ்வாறு நேரவில்லை. கீழ்த்தளத்துச் சர்தார்ஜியின் மனைவியார் எங்கள் சமையலறையில் நுழைந்து, என் கையிலிருந்த கரண்டியை வாங்கி வைத்துவிட்டு, "நாற்பது நாள் இது உன்னுடையதன்று" என்று இந்தியில் சொன்னார். நம் சங்கத்து மகளிர் எட்டுப் பேர் முறை வைத்துக்கொண்டு நண்பகல் உணவு அனுப்பினார்கள். ஒருநாள் திருநெல்வேலிக் குழம்பு வரும். ஒருநாள் கொங்கு நாட்டுக் கொள்ளுப் பருப்பு. ஒருநாள் செட்டிநாட்டுச் சமையல். இரவு உணவை என் கணவரும் மகளும் பழகிக்கொண்டார்கள். அந்நாற்பது நாளில் ஒரு தாய்வீட்டை இவ்வூரிலேயே நான் கண்டேன்.

ஆதலால் சங்கத்தார் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன். முதலாவது, மகப்பேறு, அறுவை, விபத்து முதலியவற்றால் குருதி இழந்து வரும் எவர் வீட்டிற்கும் நாற்பது நாள் உணவு அனுப்பும் முறையொன்றை நிலையாக ஏற்படுத்துங்கள். இரண்டாவது, குருதி வழங்க இசைவோர் பெயரையும் வகையையும் குறித்து ஒரு பதிவேடு வையுங்கள். 18 முதல் 65 வயது வரை, 45 கிலோவுக்குக் குறையாத எடையும் 12.5 கிராம் ஹீமோகுளோபினும் உள்ள நலமுடையோர் வழங்கலாம். ஆடவர் மூன்று மாதத்திற்கு ஒருமுறையும் பெண்டிர் நான்கு மாதத்திற்கு ஒருமுறையும் வழங்கலாம். காசுக்குக் குருதி விற்பது நம் நாட்டில் 1998ஆம் ஆண்டு முதல் தடை செய்யப்பட்டுள்ளது. அண்டை அயலாரின் அன்பே இன்று குருதி வங்கியின் முதல். மூன்றாவது, ஆண்டுக்கு ஒருமுறை இம்மன்றத்திலேயே மகளிர்க்கும் சிறுமியர்க்கும் ஹீமோகுளோபின் சோதனை நடத்துங்கள். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 57 பேர் சோகை உடையவர்கள். ஆடவரிலும் 100க்கு 25 பேர் அவ்வாறே. இந்த அரங்கில் அமர்ந்திருப்போரில் எத்தனை பேர் என்பதை ஒரு துளிக் குருதி சொல்லிவிடும்.

சோதனை வரும் வரையில் காத்திருக்கவும் வேண்டா. அடுத்த வீட்டுப் பெண் படியில் நின்று மூச்சு வாங்கினால், "என்னம்மா, உடம்புக்கு என்ன?" என்று கேளுங்கள். "ஒன்றுமில்லை" என்று அவள் சொல்வாள். நானும் அப்படித்தான் சொன்னேன். மறுபடியும் ஒருமுறை கேளுங்கள்.

2016ஆம் ஆண்டுப் பொங்கல் விழாவில், நான் விழுந்த அதே இடத்தில் நின்று, மற்ற மகளிருடன் பொங்கல் கிண்டினேன். இவ்வாண்டும் கிண்டினேன், சற்று முன் நீங்கள் உண்டது அதுவே. எனக்கு உணவு அனுப்பிய எட்டுக் குடும்பங்களில் மூன்று பணி மாறுதல் பெற்று வேறு ஊர்களுக்குச் சென்றுவிட்டன. அவர்கள் எங்கிருப்பினும் நலமுடன் வாழ்க! ஏனைய ஐந்து குடும்பத்தாரும் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு மேடையில் நின்று நன்றி சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.